சூட்டைச் சூடு என்று கேட்ட கதை

களுதாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கு லீவு போட்டு, தீர்த்தமும் முடிந்து அலுவலகத்துக்குத் திரும்பினால், என் மேசைக்கு மேல் பித்தளைச் சாமான் ஒன்று கிடக்கிறது. சின்னச் சிரட்டை அளவு. நடுவில் சுருள் கம்பி. அதைச் சுற்றி மேசை விரிப்பில் வட்டமாக ஒயில் கறை. அந்த விரிப்பு நானே இருந்து பூத்தைத்தது.

“ஆர் இத இஞ்ச கொண்டுவந்து வச்சது?” என்று நான் போட்ட சத்தத்தில் பின்பக்கக் கராஜிலிருந்து ஜுனைதீன் நானா பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஓட்டமாவடி ஆள்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். எங்கள் லொறிகளுக்கெல்லாம் அவர்தான் மெக்கானிக்.

“நான்தான் புள்ள. மாமிட நெஞ்சுக்குள்ள இருந்த பேயக் கழட்டிட்டன். இனி அவக்குச் சூடே வராது.”

“மாமிக்குச் சூடு எண்டு ஆர் சொன்ன நானா?”

“கொழும்பு ஒபிஸ் ரேடியோக்காரன், அந்தக் கொழும்பான் சென்னான். ஒயில் ரிப்போட் வந்திரிக்கி, சூட்டு கூட, சூட்டு கூட எண்டு ரேடியோவில ரெண்டு தரம் சென்னான். நான் இந்தக் காதால கேட்டன். நீங்க சாமிக்கு முன்னால நிண்டு கும்பிடக்குள்ள இஞ்ச வேல நடந்திரிக்கி.”

அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. நான் விரிப்பைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன். சவர்க்காரம் போட்டும் அந்தக் கறை போகவில்லை.

மாமியும் மருமகனும்

மாமி என்பது எங்கள் லொறி. போர்க்காலத்தில் மட்டக்களப்பு நகரில் ஒரு நிவாரண நிறுவனத்தின் போக்குவரத்துப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது என்று முன்பு எழுதியிருந்தேன். நிறுவனத்தின் பெயரைக் கேட்டு ஒரு வாசகர் விடாமல் எழுதுகிறார். ஐயா, பெயர் வேண்டாம், கதையை மட்டும் வாசியுங்கள்.

அந்த லொறி எந்த வருடத்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. காலையில் உறுமும், ஏற்றத்தில் முனகும், யார் ஓட்டினாலும் குறை சொல்லும். அதனால் மாமி. அதன் குணமறிந்து ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் குருக்கள்மடத்துப் பூபாலண்ணன். எனவே அவர் மருமகன். இந்தப் பட்டத்தை அவர் மனைவியே சிரித்து ஒத்துக்கொண்டா.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். எங்கள் வாவிக்குக் கிழக்குக் கரை எழுவான்கரை, சூரியன் எழும் கரை. மேற்கு படுவான்கரை. அந்த வருடங்களில் எழுவான்கரை இராணுவத்திடம், படுவான்கரை இயக்கத்திடம். நாங்கள் “அங்கால” என்றால் படுவான்கரை என்று குழந்தைக்கும் தெரியும். வயலும் வட்டையும் அங்கால, ஆஸ்பத்திரியும் கடையும் இஞ்சால.

அங்கால இருக்கும் சனத்துக்குப் பால்மா, சவர்க்காரம், பாடசாலைக் கொப்பி கொண்டுபோவதுதான் மாமியின் வேலை. வவுணதீவுச் சோதனைச்சாவடியால் போகவேண்டும். அதற்கு இராணுவ முகாமில் பாஸ் எடுக்கவேண்டும். பாஸில் ஒரு லொறிக்கு ஒரு சாரதிதான். மாமிக்குப் பூபாலண்ணன் பெயர் இருந்தது.

ஒயிலுக்கு இரத்தப் பரிசோதனை

ஒயிலைச் சோதிக்கும் பழக்கத்தை எங்களுக்குப் பழக்கியது இடையில் சில மாதம் வந்துபோன ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர். எஞ்சினைத் திறக்காமலே உள்ளே என்ன தேய்கிறது என்று பழைய ஒயில் சொல்லும் என்பார் அவர். ஒயில் மாற்றும் நாளில், எஞ்சின் சூடாக இருக்கும்போதே வடித்து, முதலில் வருகிற மண்டியை விட்டு, நடுவில் வருவதைச் சின்னப் போத்தலில் பிடிக்கவேண்டும். கொழும்பில் ஒரு ஆய்வுகூடம் அதைச் சோதித்து ஒரு தாளில் எண்களாக அனுப்பும்.

முதல் தாள் வந்த நாளில் அலுவலகத்தில் ஒருவரும் அதைத் தொடவில்லை. நான் எடுத்துப் பார்த்தேன். Fe, Cu, Pb, Si, Na. அட, எல்லாம் நமக்குத் தெரிந்த ஆட்கள்! உயர்தரத்தில் நான் இரசாயனம் படித்தவள். பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. அதன்பிறகு என்னிடம் யாரும் இரசாயனம் கேட்டதில்லை. பழைய வகுப்புத் தோழிகள் கதவைத் தட்டி வந்ததுபோல எனக்கு ஒரே சந்தோசம்.

வாசிக்கிற விதம் கஷ்டமில்லை. இரும்பு கூடினால் சிலிண்டரும் வளையங்களும் தேய்கின்றன. செம்பும் ஈயமும் கூடினால் பெயரிங் தேய்கிறது. சிலிக்கன் என்றால் மண். காற்றோடு புழுதி உள்ளே போகிறது என்று அர்த்தம். சோடியம் என்றால் உப்பு, ரேடியேற்றர் தண்ணீர் ஒயிலோடு கலக்கிறதோ என்று பார்க்கவேண்டும். ஒயில் இளகிப்போயிருந்தால் எரியாத டீசல் அதற்குள் இறங்கியிருக்கிறது.

ஆனால் ஒரு தாளை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆய்வுகூடம் போடும் அளவு புது எஞ்சினுக்குரிய அளவு. அதன்படி பார்த்தால் மாமியின் தாளில் எல்லா வரியிலும் சிவப்புக் கோடுதான். வயதுபோன லொறியை அதனுடைய முந்திய தாளோடுதான் ஒப்பிடவேண்டும். இன்னொன்று, பழைய எஞ்சின் ஒயில் குடிக்கும். மாமிக்கு அடிக்கடி புது ஒயில் ஊற்றிக்கொடுக்கவேண்டும். ஊற்ற ஊற்றப் பழைய அழுக்கு ஐதாகி, தாளில் எண்கள் நல்லபிள்ளைக்கு நடிக்கும். எவ்வளவு ஊற்றினோம் என்று தெரியாமல் அந்தத் தாளை நம்பினால் அம்போதான்.

ஊறுகாய்ப் போத்தல்

ஒருதரம் சோடியம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. தண்ணீர் கலக்கிறது, உடனே எஞ்சினை இறக்கு என்று கொழும்பிலிருந்து அவசரச் செய்தி. ஜுனைதீன் நானா சங்கிலி, கப்பி எல்லாம் கொண்டுவந்து மாமியைத் தூக்க நின்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. தண்ணீர் குறையவில்லை, ஒயில் பால்போல வெளுக்கவில்லை, பிறகு உப்பு மட்டும் எங்கிருந்து வரும்?

பூபாலண்ணனைக் கூப்பிட்டு, எந்தப் போத்தலில் பிடித்தீர்கள் என்று கேட்டேன்.

“வீட்ட இருந்து கொண்டுவந்த போத்தல்தான். நல்லாக் கழுவினது.”

“அதுக்குள்ள முதல் என்ன இருந்த?”

அவர் தலையைச் சொறிந்தார். “தேசிக்காய் ஊறுகாய்.”

ஜுனைதீன் நானா சங்கிலியைப் போட்டுவிட்டு நிலத்தில் குந்திச் சிரித்தார். “யா அல்லாஹ்! மாமிட எஞ்சினுக்குள்ள ஊறுகாய் இரிக்கி எண்டு கொழும்பான் கண்டுபுடிச்சிட்டான்!” அதன்பிறகு போத்தலை நான் கொடுத்தேன்.

அந்தப் போத்தல் கொழும்புக்குப் போவதும் லேசில்லை. வழியில் எத்தனை சாவடி. கறுப்பாக, கொழகொழவென்று ஒரு திரவத்தை மூடி ஒட்டிக் கொண்டுபோனால் எந்த ஆமிக்காரன் சும்மா விடுவான்? ஒருநாள் பொலன்னறுவைப் பக்கத்தில் மறித்து “மொகத்த மே?”, இது என்ன, என்று கேட்டிருக்கிறான். அன்று அதைக் கொண்டுபோனது பூபாலண்ணன். அவருக்குத் தெரிந்த சிங்களம் கொஞ்சம்தான். “எஞ்சிமே லே, மாத்தயா” என்றிருக்கிறார். எஞ்சினின் இரத்தமாம். அவன் சிரித்து, இரத்தம் கறுத்துப்போயிருக்கிறது, ஆள் தப்பாது என்று சொல்லி விட்டுவிட்டான்.

கொழும்பிலிருந்து ஒருவர்

ஜுனைதீன் நானா கழற்றியது தேர்மோஸ்டாட் என்ற வால்வு. எஞ்சின் போதிய அளவு சூடாகும்வரை ரேடியேற்றர் தண்ணீரை உள்ளே விடாமல் பிடித்து வைத்திருப்பது அதுதான். நம் நாட்டு வெக்கைக்கு இது என்னத்துக்கு என்று கழற்றி எறிகிற மெக்கானிக் அவர் மட்டுமில்லை. கழற்றினால் எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடும். குளிர்ந்த எஞ்சின் டீசலைச் சரியாக எரிக்காமல் கூடக் குடிக்கும். சூடு என்று கொழும்பே சொன்னதாக நம்பியதால் நானும் அதைத் திரும்பப் பூட்டச் சொல்லவில்லை.

ஏற்கெனவே மாமியின் டீசல் செலவு கொழும்புத் தலைமை அலுவலகத்தில் கண்ணில் குத்திக்கொண்டிருந்தது. இப்போது இன்னும் ஏறியது. ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் கணக்காய்வாளர் வந்து இறங்கினார். திரு. ஞானசேகரம். பூர்வீகம் யாழ்ப்பாணம், இருப்பு கொழும்பு. வெள்ளைச் சேட்டு, சட்டைப்பையில் பேனை, மரியாதையான பேச்சு. எங்களுக்கு வந்த தபாலையும் அவரே பையில் கொண்டுவந்திருந்தார்.

“பிள்ளை, நான் ஆரையும் கள்ளன் எண்டு சொல்ல வரேல்லை,” என்று தொடங்கினார். “ஆனா ஓடின தூரத்துக்கு இவ்வளவு டீசல் போகாது. மிச்சம் எங்கை?”

பூபாலண்ணனைக் கூப்பிட்டோம். அவர் கதவோரம் நின்றார். கதிரை காட்டினேன், இருக்கவில்லை.

“நான் விக்கல்ல சேர். சாவடியில எஞ்சின நிப்பாட்டாம நிக்கிறன். மத்தியானம் வரைக்கும் நிண்டாலும் எஞ்சின் ஓடும். அதிலதான் போகுது.”

“ஏன் நிப்பாட்டேல்லை?”

“பற்றரி சரியில்ல. நிப்பாட்டினா மாமி மறுகா ஒழும்பமாட்டா.”

“அப்ப புதுப் பற்றரி போடுறதுதானே?”

இதற்கு நான் பதில் சொன்னேன். பற்றரி அங்கால போகத் தடைசெய்த சாமான். லொறியில் பூட்டியிருக்கும் பற்றரியின் இலக்கமும் பாஸில் இருக்கும். போன பற்றரியே திரும்பி வரவேண்டும். மாற்றுவதற்கு அனுமதி கேட்டு எழுதி, பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

அவர் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, “இதுக்கு என்ன சாட்சி?” என்றார்.

பூபாலண்ணன் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சாட்சிக்கு ஆரக் கூட்டி வாற சேர்? ஆமியயா?” என்று கேட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

ஞானசேகரம் ஐயா கெட்ட மனிதர் இல்லை. அவருக்குத் தெரிந்த தீர்வைச் சொன்னார். சாரதியை மாற்றுவோம், பொலிசுக்குப் போகவேண்டாம், பிரச்சினை பெரிதாகாமல் முடியட்டும்.

பாஸிலிருந்து ஒரு பெயரை எடுப்பதென்றால் காரணம் எழுதி முகாமுக்குக் கொடுக்கவேண்டும். டீசல் குறைந்தது என்று எழுதினால், படுவான்கரைக்குப் போய்வருகிற லொறியில் டீசல் குறைந்தது என்று அர்த்தம். டீசல் எங்கே போனது என்று முகாமில் கேட்கமாட்டார்கள். அது அங்கால இயக்கத்துக்குத்தான் போனது என்று முடிவு கட்டிவிட்டு, ஆளைக் கூப்பிடுவார்கள். அந்த நாட்களில் அப்படிக் கூப்பிட்டுப் போன எல்லோரும் திரும்பி வரவில்லை. பூபாலண்ணனுக்கு இரண்டு பெண்பிள்ளைகள்.

இதை நான் ஞானசேகரம் ஐயாவிடம் பச்சையாகவே சொன்னேன். அவர் முகம் மாறியது. ஆனாலும், “அப்ப நான் கொழும்பிலை என்னத்தை எழுதுறது? ஏதாவது ஒண்டு காட்டு பிள்ளை,” என்றார்.

மண் எங்கே?

அவர் கொண்டுவந்த தபாலில் மாமியின் ஒயில் தாள் இருந்தது. ரேடியோவில் வாய்மொழியாக வந்த அதே முடிவு, இப்போதுதான் காகிதமாக வந்து சேர்ந்தது. கோபத்தோடு கோபமாக அதைப் பிரித்தேன். சூட்டைத் தேடினேன். சூடு என்று ஒரு வரியும் இல்லை. கடைசி வரிக்கு மேலே SOOT என்றிருந்தது. அதற்குப் பக்கத்தில் கொழுத்த எண், சிவப்புக் கோடு.

சூட்! கரி! எரியாத டீசலின் புகைக்கரி!

“ஜுனைதீன் நானா!” என்று நான் போட்ட சத்தத்துக்கு அவர் மாமிக்குக் கீழே இருந்து எழும்பித் தலையை இடித்துக்கொண்டார்.

விசயத்தைச் சொன்னேன். பிறகு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டுமே.

“அப்ப கரி எண்டு செல்லியிரிக்கலாமே! தமிழன்தானே அவனும்! சூட்டு எண்டு சென்னா மனிசன் என்னத்த நினைக்கிற? உம்மாட வீட்டுச் சட்டியிலயும் கரிதானே புடிக்கிது, சூட்டா புடிக்கிது?” என்று கொழும்புப் பக்கம் பார்த்துக் கத்திவிட்டு, நேரே என் மேசைக்கு வந்து அந்தப் பித்தளை வால்வை எடுத்துக்கொண்டு போய் அன்றைக்கே திரும்பப் பூட்டினார்.

எனக்குச் சிரிக்க நேரமில்லை. பழைய தாளை எடுத்துப் புதிய தாளுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டுக்கும் இடையில் மாமிக்கு ஊற்றிய புது ஒயில் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ஆகவே தாராளமாக ஒப்பிடலாம். ஞானசேகரம் ஐயாவைக் கதிரையை இழுத்துக்கொண்டு வரச் சொன்னேன்.

“சேர், டீசல் மூண்டு வழியிலதான் போயிருக்கலாம். ஒண்டு, வித்தது. வித்த டீசல எஞ்சின் காணாது. அப்ப ஒயில் போனமுற மாதிரியே இருக்கவேணும். ஆனா இதில கரி ஏறியிருக்கு, ஒயில் இளகியிருக்கு, இரும்பும் கொஞ்சம் கூட. டீசல் எஞ்சினுக்குள்ளதான் போயிருக்கு.”

“வால்வைக் கழட்டினதாலை வந்த கரியா இருக்கலாமே?” ஆள் சூரன்தான்.

“இந்த ஒயில் எடுத்தது கழட்டுறதுக்கு முதல், சேர். இந்தத் தாள் சொன்னத்தப் பிழையாக் கேட்டுத்தான் கழட்டினதே.”

“சரி. ரெண்டாவது?”

“களவா லொறியக் கொண்டுபோய் வேற இடத்துக்குக் கூலிக்கு ஓடினது. இப்ப கச்சான் காத்து. றோட்டெல்லாம் புழுதி. இவ்வளவு டீசலுக்கும் லொறி ஓடியிருந்தா, மாமிட பழைய வடிகட்டிக்குள்ளால கட்டாயம் மண் போயிருக்கும். சிலிக்கனப் பாருங்க.”

அவர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். சிலிக்கன் போனமுறை இருந்த இடத்திலேயே இருந்தது.

“மண் எங்க சேர்? எஞ்சின் ஓடியிருக்கு, சில்லு ஓடல்ல. கரி இருக்கு, மண் இல்ல. மூண்டாவது வழிதான் மிச்சம். நிண்ட இடத்தில ஓடின எஞ்சினுக்குத்தான் இப்படி வரும். பூபாலண்ணன் சொன்னதும் அதுதான்.”

அவர் நெடுநேரம் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். “கேக்க நல்லாத்தான் இருக்கு,” என்றார். “ஆனா ஒரு லொறி சும்மா நிண்டுகொண்டு இவ்வளவு குடிக்குமோ?”

“வந்து பாருங்க,” என்றேன்.

இழுத்தவர்

அடுத்த பயணத்துக்கு அவரும் நானும் மாமியில் ஏறினோம். சாவடிக்கு இந்தப் பக்கம் மட்டும்தான், அதற்கு அப்பால் எங்களுக்குப் பாஸ் இல்லை. பால்மாவும் சவர்க்காரமும் அரை லோட். பூபாலண்ணன் எங்களைப் பார்க்காமல் முன்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மாமியை எடுத்தார்.

வரிசை வாவிக்கரையில் நீண்டு கிடந்தது. உழவு மிசின், சைக்கிள், விறகு ஏற்றி வரப் போகும் மாட்டுக் கரத்தை. எல்லாச் சாமானையும் இறக்கி, கம்பியால் குத்தி, திரும்ப ஏற்றி. கண்டல் சேற்று மணமும் டீசல் புகையும் கலந்து வந்தன. மாமி நடுங்கிக்கொண்டே நின்றது. அந்த நடுக்கத்தில் ஞானசேகரம் ஐயாவின் கன்னச் சதை ஆடியது. வெயில் ஏறியது. வரிசை நகரவில்லை. அவர் முதலில் எழுதுவதை நிறுத்தினார், பிறகு வியர்வை துடைக்கக் கைலேஞ்சியை எடுத்தார், பிறகு என்னிடமிருந்த தண்ணீரைக் குடித்து முடித்தார்.

“தம்பி, கொஞ்ச நேரம் நிப்பாட்டுங்கோவன். டீசல் அநியாயமாப் போகுது.”

“நிப்பாட்டினா ஒழும்பமாட்டா சேர். இந்தா, இதை இழுத்தா நிண்டிரும். இழுக்கப் போகாதீங்க.” பூபாலண்ணன் நிறுத்தும் பிடியைக் காட்டினார். அன்று அவர் எங்களுக்குச் சொன்ன முதல் பேச்சு அதுதான்.

ஒருவழியாக எங்கள் முறை வந்து, மணல்மூட்டைகளுக்கு நடுவே மாமி போய் நின்றது. பூபாலண்ணன் பாஸைக் காட்ட இறங்கிப் போனார். போன ஆள் வர நேரமெடுத்தது. கணக்காய்வாளருக்குக் கை துறுதுறுத்தது. நான் பின்னால் சாமான் இறக்குவதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரே அமைதி. காகம் கத்துவது கேட்டது.

அவர் பிடியை இழுத்துவிட்டார்.

“ஐயோ சேர்!” என்று நான் கத்தவும், முன்னால் நின்ற ஆமிக்காரன் துவக்கை நிமிர்த்தவும் சரியாக இருந்தது. சாவடிக்கு நடுவில் ஒரு லொறி சத்தமில்லாமல் நின்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. இறங்கச் சொன்னார்கள். இறங்கினோம். ஞானசேகரம் ஐயா கையை உயர்த்தினார், கையில் பேனை இருந்தது. பூபாலண்ணன் ஓடிவந்து ஏறிச் சாவியைத் திருப்பினார். டிக். மறுபடி டிக். அவ்வளவுதான் மாமியின் பதில்.

அந்த நேரத்தில் ஞானசேகரம் ஐயா செய்ததற்காக அவரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். நல்ல சிங்களத்தில், நிறுத்தியது நான்தான், நிறுத்தவேண்டாமென்று சாரதி சொன்னவர், பிழை என்னுடையது என்று உரத்துச் சொன்னார். அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தான். பிறகு தள்ள ஆள் தெரிவு செய்தான். வரிசையில் நின்றவர்களில் ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை பார்த்துத்தான் தள்ள விட்டார்கள். லொறி தள்ளுவதற்கும் அடையாள அட்டை கேட்ட நாடு இது. கணக்காய்வாளரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் நின்று தள்ளினார்.

மாமி உருண்டு, குலுங்கி, ஒரு உறுமல் உறுமி எழும்பினா. எழும்பிய வேகத்தில் குழாயால் கறுப்புப் புகை பிளிறி வந்தது. ஞானசேகரம் ஐயாவின் வெள்ளைச் சேட்டு முழுக்கக் கரி. அவர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

“இதுதானோ பிள்ளை அந்தச் சூட்?” என்றார்.

“ஓம் சேர்,” என்றேன்.

அறிக்கை

அவர் கொழும்புக்குப் போய் நல்ல அறிக்கை எழுதி அனுப்பினார். பாஸில் பெயர் அப்படியே இருக்கலாம், பற்றரி அனுமதிக்குத் தலைமை அலுவலகமே முகாமோடு பேசும் என்றெல்லாம் இருந்தது. எனக்கு நெஞ்சுப் பாரம் இறங்கியது. பூபாலண்ணனைக் கூப்பிட்டு, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன். “எஞ்சின் ஒயில் பரிசோதனை முடிவுகளின்படி டீசல் எஞ்சினிலேயே எரிந்துள்ளது. சாரதிமேல் குற்றமில்லை.”

“மறுகா ஒருக்கா வாசி புள்ள.”

வாசித்தேன்.

“ஒயில் முடிவின்படி எண்டா எழுதியிருக்கு?”

“ஓம் அண்ணன்.”

“பூபாலன் சொன்னபடி எண்டு ஒரு இடத்திலயும் இல்லயா?”

நான் தாளைக் கவனமாகத் தேடினேன். இல்லை.

“நான் முதல் நாளே இதத்தானே சொன்னன். இதுக்குக் கூடவும் சொல்லல்ல, குறையவும் சொல்லல்ல. எனக்கு வாய் இருக்கு புள்ள. ஒயிலுக்கு வாய் இல்ல. அது சொன்னத்த நம்பினாங்க.”

“நான் நம்பித்தானே அண்ணன் உங்களுக்காகக் கதைச்சன்.”

“ஓம், நீ நம்பினாய். அதுதான் உன்னட்டச் சொல்லிற்றுப் போறன். என்ர பேரப் பாஸில இருந்து வெட்டிவிடு. நான் இனி மச்சானோட வாவியில வல போடப் போறன்.”

எவ்வளவோ கெஞ்சினேன். மாமியை உங்களை விட்டால் யார் எழுப்புவது என்று கேட்டேன். பிள்ளைகளைச் சொல்லிப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் நோவாக இருந்தது. காரணம் என்ற இடத்தில் “சொந்த விருப்பம்” என்று எழுதச் சொன்னார். எழுதினேன். முகாமில் ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

புதுச் சாரதிக்குப் பாஸ் கிடைக்கும்வரை பால்மா களஞ்சியத்தில் கிடந்தது. ஒருநாள் காலை கொழும்பிலிருந்து தொலைபேசி. ஞானசேகரம் ஐயாதான்.

“என்ன பிள்ளை, லொறி இன்னும் போகேல்லையாம். எஞ்சினிலை ஏதும் பிழையோ?”

“இல்ல சேர்,” என்றேன். “எஞ்சினில ஒரு பிழையும் இல்ல.”